வெள்ளை வேன் எல்லாம் ஒன்றல்ல: அவசர ஊர்திகளை விதிகள் எப்படி வகை பிரிக்கின்றன?

ஏர்பஸ் ஏ380 விமானத்தின் நீளம் 72.7 மீட்டர். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, 61 மீட்டர் முதல் 76 மீட்டர் வரை நீளமுள்ள விமானங்கள் இறங்கும் நிலையத்தில் ஒன்பதாம் வகைத் தீயணைப்பு ஏற்பாடு இருந்தால் போதும். ஆனால் அதே அட்டவணையில் இன்னொரு கட்டம் இருக்கிறது. உடற்பகுதியின் அகலம் 7 மீட்டரைத் தாண்டினால் அடுத்த வகைக்குப் போக வேண்டும். ஏ380இன் அகலம் 7.14 மீட்டர். அந்த 14 சென்டிமீட்டருக்காக அது பத்தாம் வகைக்கு ஏறிவிடுகிறது. 'பி' தரத் தீயணைப்பு நுரையைப் பயன்படுத்தும் விமான நிலையம் தயாராக வைத்திருக்க வேண்டிய தண்ணீர் 24,300 லிட்டரிலிருந்து 32,300 லிட்டராகிறது. நிமிடத்துக்குப் பீய்ச்ச வேண்டிய அளவு 9,000 லிட்டரிலிருந்து 11,200 லிட்டராகிறது.

நம் ஊர்களில் அன்றாடம் இறங்கும் விமானங்களிலும் இந்தக் கோடு விழுகிறது. ஏ320, போயிங் 737-800 இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் பயணிகள் அமர்கிறார்கள். முதலாவதன் நீளம் 37.6 மீட்டர், இரண்டாவதன் நீளம் 39.5 மீட்டர். எல்லைக்கோடு 39 மீட்டரில் இருப்பதால் ஒன்று ஆறாம் வகை, மற்றொன்று ஏழாம் வகை. தண்ணீர்த் தேவை 7,900 லிட்டரிலிருந்து 12,100 லிட்டருக்குத் தாவுகிறது. விமானம் தீப்பிடித்தால் பயணிகள் வெளியேறி முடிக்கும்வரை அதைச் சுற்றி ஒரு பரப்பில் தீ நெருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பரப்பை நீளத்தையும் அகலத்தையும் வைத்துக் கணக்கிட்டு, அதிலிருந்து தண்ணீரின் அளவுக்கும் பிறகு வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வருகிறார்கள். ஐந்தாம் வகை வரை ஒரு வண்டி, ஆறு, ஏழுக்கு இரண்டு, எட்டு முதல் பத்து வரை மூன்று. அழைப்பு வந்ததும் ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் சேர்வது விரும்பத்தக்கது. 4,500 லிட்டருக்கு மேல் தண்ணீர் சுமக்கும் வண்டி நின்ற நிலையிலிருந்து 40 விநாடிக்குள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டும் என்று அந்த அமைப்பின் கையேடு சொல்வதும் இந்த மூன்று நிமிடக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

இந்தக் கணக்கு முழுவதிலும் முதலில் அளக்கப்பட்டது தீயணைப்பு வண்டி அல்ல, அது காப்பாற்றப் போகும் பொருள். அவசர ஊர்திகளை வகை பிரிக்கும் விதிகள் உலகெங்கும் பல இருக்கின்றன. அவற்றை இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடலாம். வண்டியைப் பார்த்து வகை சொல்பவை ஒரு கூட்டம். வண்டியின் வேலையைப் பார்த்து வகை சொல்பவை இன்னொரு கூட்டம். இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. நள்ளிரவில் மூச்சுத் திணறும் அப்பாவுக்காக ஆம்புலன்ஸ் கேட்டு அழைக்கும் ஒருவருக்கு எப்படிப்பட்ட வண்டி வந்து நிற்கும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

வண்டியைப் பார்த்து வகை சொல்லும் விதிகளுக்கும் நியாயம் உண்டு. ஐரோப்பாவின் இ.என். 1846 தரநிலை தீயணைப்பு வண்டிகளை எடையால் மூன்றாகப் பிரிக்கிறது: 7.5 டன் வரை இலகு, 16 டன் வரை நடுத்தரம், அதற்கு மேல் கனரகம். பிறகு ஓடும் தரையால் மூன்று: நகர்ச் சாலை, கிராமப்புறச் சாலை, சாலையே இல்லாத இடம். எடை ஏன் இவ்வளவு முக்கியம்? 4,500 லிட்டர் தண்ணீர் என்றால் நாலரை டன். சரக்கு லாரி பாரத்தோடு போகும், இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும். தீயணைப்பு வண்டி நிலையத்தில் சும்மா நிற்கும் நேரத்திலும் முழுப் பாரத்தோடு நிற்கிறது. ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் அதில் ஓய்வே கிடையாது. தீயை அணைத்துவிட்டுப் பாதித் தொட்டியோடு திரும்பும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது. திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கமாக அலைபாய்ந்து வண்டியைக் குடை சாய்க்கும் அளவுக்குத் தள்ளும். தொட்டிக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புத் தகடுகள் வைப்பது இதற்காகத்தான். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 1901 தரநிலை, வண்டியைச் சாய்மேடையில் ஏற்றி 26.5 டிகிரி வரை சாய்த்தும் கவிழாமல் நிற்க வேண்டும், அல்லது வண்டி நிலை தடுமாறாமல் காக்கும் மின்னணுக் கருவி போன்ற மாற்று ஏற்பாடு இருக்க வேண்டும் என்று கேட்டது. தீயணைப்பு வீரர் தீயில் இறப்பதுதான் செய்தியாகிறது. போகும் வழியில் வண்டி கவிழ்ந்தும் வீரர்கள் இறந்திருக்கிறார்கள் என்பதை இந்த விதியை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

எடை வகைப்பாடு ஓட்டுநரையும் தொடுகிறது. ஜெர்மனியில் 1999க்குப் பிறகு சாதாரண கார் உரிமம் பெற்றவர்கள் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட முடியாமல் போனது. அந்த நாட்டின் சிற்றூர்களில் தீயணைப்பு என்பது பெரும்பாலும் தன்னார்வலர்களின் வேலை. பழைய உரிமம் வைத்திருந்த மூத்தவர்கள் ஓய்வு பெறப் பெற, வண்டி இருந்தும் ஓட்ட ஆள் இல்லாத நிலை வந்தது. முதலில் 4.75 டன், பிறகு 7.5 டன் வரை தீயணைப்பு, மீட்புப் பணித் தன்னார்வலர்களுக்குத் தனி அனுமதி கொடுத்துச் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் இந்த 7.5 டன் கோட்டைச் சுற்றி நெடுநாள் வழக்கு நடந்தது. இலகு ரக உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. வேன் வகை ஆம்புலன்ஸ்கள் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குள்தான் அடங்குகின்றன.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தீயணைப்புத் தரநிலைகள் வேலையின் பெயராலேயே அமைந்தவை. ஐ.எஸ். 950 என்றால் பி வகை வாட்டர் டெண்டர், அதாவது தண்ணீர்த் தொட்டியுள்ள தீயணைப்பு வண்டி; ஐ.எஸ். 949 என்றால் அவசர மீட்பு ஊர்தி. நுரை வண்டிக்குத் தனித் தரநிலை உண்டு. ஜெர்மானியர்கள் இதை இன்னும் சுருக்கி வண்டியின் பெயருக்குள்ளேயே அடைத்துவிட்டார்கள். 'எல்.எஃப். 20' என்று கதவில் எழுதியிருந்தால் அதன் பம்ப் நிமிடத்துக்கு 2,000 லிட்டர் தள்ளும் என்று பொருள். 'டி.எல்.கே. 23/12' என்ற ஏணி வண்டி, கட்டடத்திலிருந்து 12 மீட்டர் தள்ளி நின்று 23 மீட்டர் உயரத்தை எட்டும். பக்கத்து மாவட்டத்திலிருந்து உதவிக்கு வண்டி கேட்கும் அதிகாரி அந்த எண்ணைச் சொன்னால் போதும், எதிர்முனையில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று புரிந்துவிடும்.

ஆம்புலன்ஸ் கதைக்கு வருவோம். 1966இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை, ஈமச்சடங்கு நிறுவனங்கள் நடத்தும் சுமார் 12,000 பேர் தந்துகொண்டிருந்தார்கள் என்று அது பதிவு செய்தது. காரணம் எளியது. படுத்த நிலையில் ஒருவரை ஏற்றிச் செல்ல நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. உயிர் பிழைக்கக் கூடியவரையும் இறந்தவரையும் ஒரே வண்டி சுமந்தது. அந்த அறிக்கையின் அதிர்ச்சியிலிருந்துதான் நவீன ஆம்புலன்ஸ் விதிகள் அமெரிக்காவில் பிறந்தன. 1974இல் மத்திய அரசின் கே.கே.கே.-ஏ-1822 என்ற விவரக்குறிப்பு வந்தது. அது ஆம்புலன்ஸை மூன்று வகையாக்கியது: லாரி அடிச்சட்டத்தின் மேல் பெட்டி பொருத்தியது, முழு வேன், வேன் முகப்பின் பின்னால் பெட்டி பொருத்தியது. வாங்கும் அதிகாரிக்கு இது வசதி. ஆனால் உள்ளே மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தத் தெரிந்தவர் இருக்கிறாரா, முதலுதவிப் பெட்டி மட்டும் இருக்கிறதா என்பதை 'முதல் வகை', 'மூன்றாம் வகை' என்ற பெயர் சொல்லாது. சிகிச்சையின் தரத்தை அங்கே மாநில விதிகள் தனியாகக் கவனித்துக்கொண்டன.

இந்தியா வேறு வழியை எடுத்தது. மிகச் சரியான வழி என்றே நான் நினைக்கிறேன். ஏ.ஐ.எஸ். 125 என்ற தரநிலை, நாளிதழ்களில் 'தேசிய ஆம்புலன்ஸ் நெறிமுறை' என்று குறிப்பிடப்படுவது, 2018 ஏப்ரல் முதல் புதிதாகத் தயாராகும் ஆம்புலன்ஸ்களுக்குக் கட்டாயமானது. அதுவரை வேனுக்கு வெள்ளையடித்து, மேலே விளக்கு வைத்து, உள்ளே ஸ்ட்ரெச்சர் போட்டால் ஆம்புலன்ஸ் என்ற நிலைதான் பல இடங்களில் இருந்தது. புதிய விதி நான்கு வகைகளை உண்டாக்கியது. நான்கும் நோயாளியின் நிலையை வைத்தே பிரிக்கப்பட்டவை.

டைப் ஏ என்பது சம்பவ இடத்துக்குப் போய் முதல் சிகிச்சை தரும் ஊர்தி. நோயாளியை ஏற்றிச் செல்லும் வசதி அதில் இல்லை. இரு சக்கர வண்டிகூட இதில் அடங்கும். சென்னையின் நெரிசலுக்குள் 2016 முதல் ஓடும் 108 பைக் ஆம்புலன்ஸ் இந்த வேலையைத்தான் செய்கிறது. பெரிய வண்டி சிக்னலில் திணறிக்கொண்டிருக்கும்போது பைக்கில் வருபவர் ரத்தப்போக்கை நிறுத்திவிட முடியும். டைப் பி, வழியில் நிலைமை மோசமாகாது என்று எதிர்பார்க்கப்படும் நோயாளிக்கானது: டயாலிசிஸுக்குப் போய் வருபவர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வீடு திரும்புபவர். டைப் சி, அடிப்படை உயிர்காப்பு ஊர்தி. உடலுக்குள் குழாய் செலுத்தாமலேயே மூச்சுக்கு உதவி, கண்காணித்துக்கொண்டு போகலாம். டைப் டி, மேம்பட்ட உயிர்காப்பு ஊர்தி. மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்த வேண்டியவர், இடைவிடாத கண்காணிப்பு தேவைப்படுபவர் ஆகியோருக்கு இதுதான் வேண்டும். 108 ஊழியர்கள் 'பி.எல்.எஸ்.', 'ஏ.எல்.எஸ்.' என்று பேசிக்கொள்வது இந்தக் கடைசி இரண்டைத்தான்.

ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாவின் இ.என். 1789 தரநிலையிலும் எழுத்துகள்தான் வகைகள், ஆனால் வரிசை வேறு. அங்கே 'சி' என்றால் நகரும் தீவிர சிகிச்சைப் பிரிவு. இங்கே 'சி' அடிப்படை ஊர்தி. வெளிநாட்டு விற்பனைக் கையேட்டைப் பார்த்து வண்டி வாங்கும் அறக்கட்டளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த ஐரோப்பியத் தரநிலையில் இன்னொரு நிபந்தனை உண்டு, பலரும் யோசிக்காத ஒன்று. ஆம்புலன்ஸுக்குள் இருக்கும் ஸ்ட்ரெச்சர், சிலிண்டர், கருவி எதுவானாலும், புவியீர்ப்பைப் போல் பத்து மடங்கு விசை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மேலும் கீழும் தாக்கினாலும் கழன்று பறக்கக் கூடாது. 15 கிலோ எடையுள்ள ஆக்ஸிஜன் சிலிண்டர் அந்தக் கணத்தில் 150 கிலோவாக இழுக்கும். அதைச் சாதாரண பெல்ட்டாலோ கயிற்றாலோ கட்டி வைத்திருந்தால் என்ன ஆகும்? பின்பகுதியில் நோயாளி படுத்திருக்கிறார், அவர் பக்கத்தில் மருத்துவ உதவியாளர் பெல்ட் போட முடியாமல் நின்றபடி நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறார், தலைமாட்டில் மகளோ மனைவியோ உட்கார்ந்திருக்கிறார். பறக்கும் சிலிண்டர் இவர்கள் மேல்தான் விழும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்துவதிலிருந்து ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸ் வண்டி மூன்றுக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகள் விலக்கு அளிக்கின்றன. வேகத்துக்கு விலக்கு கொடுத்த பிறகு, உள்ளே பொருள்களைப் பூட்டி வைக்கும் விதியில் எந்தத் தளர்வும் கூடாது.

சட்டத்தின் மற்ற சலுகைகளும் வகையை ஒட்டியே வருகின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆவது பிரிவு, காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணிக்கு மட்டுமே பயன்படும் வண்டிகளுக்குப் பர்மிட் தேவையில்லை என்கிறது. சடலத்தையும் உடன் வருவோரையும் மட்டுமே ஏற்றும் வண்டிக்கும் அதே விலக்கு உண்டு, ஆனால் தனி உட்பிரிவில். ஐரோப்பிய ஒன்றியத்தின் வாகன அங்கீகார விதியும் ஆம்புலன்ஸுக்கு 'எஸ்.சி.' என்றும் அமரர் ஊர்திக்கு 'எஸ்.டி.' என்றும் வெவ்வேறு குறியீடு கொடுத்திருக்கிறது. நம் ஊரில் தனியார் ஆம்புலன்ஸ்கள் சடலங்களையும் ஏற்றுவது யாருக்கும் புதிய செய்தியல்ல. தொற்றுக் கிருமி, சுத்திகரிப்பு என்ற கோணத்தில் மட்டுமல்ல, அடுத்த அழைப்புக்கு வண்டி கிடைக்குமா என்ற கோணத்திலும் அந்த இரண்டு வேலையும் தனித்தனியாக இருப்பது நல்லது. தமிழக அரசு இலவச அமரர் ஊர்திகளைத் தனியாக ஓட்டுவதை அதனால்தான் பெரிய விஷயமாகக் கருதுகிறேன்.

சாலையில் வழிவிடும் வரிசையும் வகைப்பாட்டில் அடக்கம். 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி தீயணைப்பு வண்டி முதலில், ஆம்புலன்ஸ் இரண்டாவது, போலீஸ் வண்டி அடுத்தது. ஒரு நாற்சந்தியில் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் எதிரெதிரே வந்தால் எது முதலில் போக வேண்டும் என்பதற்கு விதியில் விடை இருக்கிறது. அதே ஆண்டு மே முதல் தேதி முக்கியப் பிரமுகர்களின் கார்களிலிருந்து சிவப்புச் சுழல் விளக்கு எடுக்கப்பட்டது, அவசரப் பணி வண்டிகளுக்கே விளக்கு என்றானது. 2019 திருத்தச் சட்டத்தின் 194இ பிரிவு, ஆம்புலன்ஸுக்கோ தீயணைப்பு வண்டிக்கோ வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

இவ்வளவு சலுகையும் கேள்வி கேட்காமல் கிடைப்பதால்தான் வகையின் மதிப்பைக் காப்பது அவசியமாகிறது. இங்கே பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஏ.ஐ.எஸ். 125 ஒரு வண்டி தயாராகும்போது அதன் கட்டமைப்பையும் பொருத்தப்படும் கருவிகளையும் பார்க்கிறது. அதன் பிறகு எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போகும்போது, முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும், பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, புகை ஆகியவை சோதிக்கப்படுகின்றன. சளி உறிஞ்சும் கருவி ஓடுகிறதா, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டரின் பேட்டரி தாங்குகிறதா என்பது அந்தச் சோதனையின் வேலையாக இல்லை. டைப் டி என்று பிறந்த வண்டி, ஐந்து ஆண்டுகளில் வென்டிலேட்டர் பழுதாகி, பயிற்சி பெற்றவர் வேலையை விட்டுப் போய், வெறும் ஸ்ட்ரெச்சரோடு ஓடலாம். ஆவணத்தில் அது டைப் டியாகவே இருக்கும். எஃப்.சி. சோதனையோடு ஒரு மருத்துவக் கருவிப் பட்டியலையும் மாவட்டச் சுகாதாரத் துறை சரிபார்க்க வேண்டும், வகை எழுத்தை வண்டியின் இரு பக்கமும் பெரிதாக எழுத வேண்டும். இரண்டுக்கும் பெரிய செலவு இல்லை.

அது வரும்வரை அழைப்பவரே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 108 மையத்தில் பேசும்போது நோயாளியின் நிலையைத் தெளிவாகச் சொன்னால் எந்த வகை வண்டியை அனுப்புவது என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். தனியார் வண்டியை அமர்த்தும்போது, குறிப்பாக ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர் மருத்துவமனைக்கு மாற்றும்போது, கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பே சில கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்த டைப்? உடன் வருபவர் என்ன படித்தவர், வென்டிலேட்டரைக் கையாளத் தெரியுமா? ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வேன்களில் சாதாரணமாக வைக்கும் பி டைப் சிலிண்டரில் முழுதாக நிரப்பினால் சுமார் 1,500 லிட்டர் ஆக்ஸிஜன் இருக்கும். நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 150 நிமிடம் வரும். அதாவது இரண்டரை மணி நேரம். சென்னையில் கிளம்பும் வண்டி, போக்குவரத்து ஒத்துழைத்தால், விழுப்புரத்தை எட்டும் நேரம். திருநெல்வேலி வரை 600 கிலோமீட்டருக்கும் மேல். பத்து மணி நேரப் பயணத்துக்கு 6,000 லிட்டர் வேண்டும், அதாவது நான்கு பி டைப் சிலிண்டர், அல்லது 7,000 லிட்டர் கொள்ளும் ஒரு ஜம்போ சிலிண்டர். கையிருப்பாக ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த லிட்டர் கணக்கை ஓட்டுநரிடம் காட்டி, சிலிண்டரின் அளவுமானியைக் கண்ணால் பார்த்து, வழியில் மாற்ற வேண்டுமானால் எந்த ஊரில் என்பதையும் கேட்டுக்கொண்ட பிறகே நோயாளியை வண்டியில் ஏற்றுங்கள்.